பான்ஷீயா, ஹோண்டாவா: ரேஸுக்கு எந்த எஞ்சினைக் கட்டலாம்?

திசையன்விளைத் தம்பி ஒருவர், இப்போது மஸ்கட்டில் வேலை, போன வாரம் கூப்பிட்டார். "அண்ணாச்சி, மணல்ல ஓட்டுற நாலு சக்கர ரேஸ் வண்டி ரெண்டு விலைக்கு வருது. ஒண்ணு யமஹா பான்ஷீ, இன்னொண்ணு ஹோண்டா 250ஆர். ரெண்டையும் பிரிச்சுத்தான் கட்டணும். எதை எடுக்கட்டும்?" நான் பாளையங்கோட்டையில் ராஜ்தூத் 350, ஆர்எக்ஸ் 100 என்று பிரித்துப் பழகி, அப்புறம் ஆறு வருடம் ஓமானில் நாலு சக்கர ரேஸ் வண்டிப் பட்டறையில் இருந்தவன். மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பையன்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் அவரிடம் சொன்னதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பான்ஷீ எஞ்சின் நெல்லைக்காரர்களுக்குப் பாதி தெரிந்ததுதான். 347 சிசி டூ-ஸ்ட்ரோக், ரெட்டை சிலிண்டர், போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 64 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54 மிமீ. 1983-லிருந்து 1989 வரை நம்ம ஊரில் வந்த ராஜ்தூத் 350-க்கும் அச்சு அசலாக இதே அளவு. அது காற்றில் குளிர்வது, இது தண்ணீரில் குளிர்வது, காலத்தாலும் பிந்தியது. ராஜ்தூத் ஓட்டியவருக்கு அந்தக் குணம் ஞாபகம் இருக்கும்: கீழே சாதுவாக இருக்கும், ஆர்பிஎம் ஏறியதும் ஒரே தூக்காகத் தூக்கும். பான்ஷீயும் அப்படித்தான், போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் வாயைத் தேய்த்து, ரேஸுக்கான சைலன்சர் பைப் மாட்டினால் அது இன்னும் கூடும்.

ஹோண்டா டிஆர்எக்ஸ் 250ஆர் 1986 முதல் 1989 வரை நாலே மாடல் வருடம் வந்தது. ஒற்றை சிலிண்டர், 246 சிசி, போர் 66, ஸ்ட்ரோக் 72. போரைவிட ஸ்ட்ரோக் நீளம், அதனால் கீழிருந்தே இழுக்கும். உச்ச பவரில் பான்ஷீயிடம் தோற்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வளைவில் வேகத்தைக் குறைத்துத் திரும்பி வெளியே வரும்போது ஆர்பிஎம் விழுந்திருக்குமே, அந்த இடத்தில் ஹோண்டாவில் இழுவை கையில் இருக்கும். பான்ஷீக்காரர் கிளட்ச்சைத் தட்டித் தட்டி ஆர்பிஎம்மை மேலே கொண்டுவர வேண்டும், அதற்குள் முன்னால் போனவர் போயிருப்பார். நேர் ஓட்டம், நீண்ட மணல்மேடு, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து ஏறுவது என்றால் கதை மாறிவிடும். அங்கே பான்ஷீதான், நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

சுசுகியின் எல்டி 500ஆர் என்று ஒன்று உண்டு, 1987 முதல் 1990 வரை வந்த 500 சிசி ஒற்றை சிலிண்டர். ஸ்பேர் தேடியே ஓய்ந்து போவீர்கள், புதிதாகக் கட்டுபவருக்கு வேண்டாம்.

கட்டுகிற வேலைக்கு வருவோம். பான்ஷீயைப் பெரிதாக்க வழி நிறைய. பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க்கை 4 மிமீ கூடுதல் ஸ்ட்ரோக்கில் போட்டால் 373 சிசி, அதோடு 68 மிமீ போர் சிலிண்டரும் சேர்த்தால் 421. ஆனால் ஸ்ட்ரோக் 4 கூடினால் பிஸ்டன் மேலே 2 மிமீ அதிகம் ஏறும், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை அதற்கேற்ற மாதிரி மாற்றாமல் பூட்டினால் முதல் உதையிலேயே மோதிவிடும். அமெரிக்காவில் இந்த வண்டி 2006 வரை விற்றதால் சாமான் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. ஹோண்டாவுக்கு ஒரிஜினல் சாமான் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை அதிகம். இது ஒன்றுதான் ஹோண்டாவில் எனக்கு உள்ள பெரிய குறை.

மற்றபடி, பான்ஷீயில் எல்லா வேலையும் இரண்டு தடவை, அதுவும் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இடது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட்டை அரை மில்லி கூடத் தேய்த்துவிட்டால் வலதையும் அதே அளவுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். ரெண்டு கார்பரேட்டரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை நான் ஈயக் கம்பி வைத்துத்தான் பார்ப்பேன். பற்றவைக்கும் கம்பியைப் பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, பிஸ்டன் உச்சியைத் தாண்டும்படி கிராங்க்கை ஒரு சுற்று கையால் சுற்றினால் நுனி தட்டையாக நசுங்கி வரும், அதை வெர்னியரில் அளக்க வேண்டும். 1.0-லிருந்து 1.3 மிமீக்குள் வந்தால் எனக்குத் திருப்தி. பான்ஷீயில் இடது 1.1, வலது 1.4 என்று வந்தால் மறுபடி லேத்துக்குத்தான் போக வேண்டும்.

நான் கட்டிய ஒரு பான்ஷீ இரண்டாம் நாளே பிஸ்டன் பிடித்து நின்றது. இடது பக்கக் கார்பரேட்டர் ரப்பரில் நகம் அளவு வெடிப்பு. அதன் வழியே காற்று கூடுதலாகப் போய், அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போதாமல், பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்க உரசி அலுமினியம் சுவரில் ஒட்டியிருந்தது. வலது பிஸ்டனோ புதுசு மாதிரி இருந்தது. லீக் டெஸ்ட் செய்யாமல் விட்டது என் தவறு. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, 6 நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சைக்கிள் பம்ப், சின்ன கேஜ் போதும். அன்றிலிருந்து எந்த டூ-ஸ்ட்ரோக்கையும் அதைப் பார்க்காமல் நான் ஸ்டார்ட் செய்வதில்லை.

கார்பரேட்டரில் பெட்ரோல் அளவை வகுக்கும் சின்னத் துளைதான் ஜெட். அந்த விஷயத்தில் ரெண்டுக்கும் ஒரே எச்சரிக்கை. மே மாத மதிய வெயிலில் சரியாக ஓடும் மெயின் ஜெட், டிசம்பர் ராத்திரிப் பாலைவனக் குளிரில் பத்தாது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, பெட்ரோலும் கூடக் கேட்கும். ஒரு சைஸ் பெரிய ஜெட்டோடு ஆரம்பித்து, பிளக் நிறத்தைப் பார்த்துக் குறைத்து வாருங்கள்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். காய்ந்த ஆற்றுப் படுகையில் வளைவு வளைவாகப் பாதை, நடுவே நாலைந்து தாவல் என்றார். அப்படியானால் ஹோண்டாவை எடுங்கள், முதல் எஞ்சின் கட்டுகிறவருக்கு ஒரே சிலிண்டர்தான் கைக்குள் அடங்கும் என்றேன். விலை பேசும் முன் பிளாக்கைக் கழற்றிப் போர் அளவு எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஏற்கனவே கடைசி ஓவர்சைஸ் வரை, அதாவது இனிமேல் துளையைப் பெரிதாக்க முடியாத அளவுக்கு, போர் போட்ட பிளாக் என்றால் அந்த வண்டி வேண்டாம், வேறு பார்க்கலாம்.