கடலோரக் கிணற்றுக்கு எச்2எஸ் குப்பி: வாங்கலாமா?

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம் பக்கமெல்லாம் உறைக்கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துத்தான் தரம் பிரிக்கிறோம். உப்பு கரிக்கவில்லையென்றால் அது நல்ல தண்ணீர். மலக்கிருமி கலந்திருந்தால் நாக்குக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க மலிவான வழி எச்2எஸ் குப்பி. தயங்காமல் வாங்கலாம். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

1982-ல் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. குப்பிக்குள் இருக்கும் காகிதத் துண்டில் பெப்டோன், சோடியம் தயோசல்ஃபேட், இரும்பு உப்பு ஆகியவை ஊறிக் காய்ந்திருக்கும். குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு (எச்2எஸ்) வாயுவை விடும். அது இரும்போடு சேர்ந்ததும் தண்ணீர் கறுத்துவிடும்.

20 மில்லி, 100 மில்லி என இரண்டு அளவில் வருகிறது. 100 மில்லியே மேல். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா தென்படவே கூடாது என்கிறது. சிறிய குப்பிதான் கிடைத்தது என்றால் ஒரே தண்ணீரை ஐந்து குப்பியில் பிடியுங்கள்.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மோட்டார் குழாய் என்றால் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். வாளியால் இறைப்பதானால் முதலில் வாளியில் கொதிநீர் ஊற்றி அலசிவிடுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. கோடு வரை நிரப்பி மூடி, வெயில் படாத வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். நம் ஊர்ச் சூடு இதற்குப் போதும். 24 மணி நேரத்தில் ஒருமுறை, 48-ல் ஒருமுறை பாருங்கள். கொதிக்கவைத்து ஆறிய குடிநீரை இன்னொரு குப்பியில் பிடித்துப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் கறுத்தால் அந்தக் குப்பிகளை நம்பாதீர்கள்.

கடலோரத்தில்தான் இந்தக் குப்பி தடுமாறும். சேற்று நாற்றமடிக்கும் கிணற்றுத் தண்ணீரில் சல்ஃபைடு முன்பே இருக்கும். ஊற்றிய சில நிமிடத்திலேயே கறுத்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். கிருமியால் கறுக்க மணிக்கணக்காகும். ஈ.கோலை பெரும்பாலும் இந்த வாயுவை விடாது என்பதால், குப்பி கறுக்காமல் இருப்பதும் முழு உத்தரவாதமல்ல. வீட்டில் குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதே சரி.

கறுத்த குப்பியில் கிருமி பெருகிக் கிடக்கும். ப்ளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, கழிவறையில் கொட்டுங்கள்.

அடுத்தது கிணற்றுச் சுத்திகரிப்பு. விட்டத்தை மீட்டரில் அளந்து வர்க்கமாக்குங்கள். அதை நீர் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 3 அடி உறையில் 2 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 1,300 லிட்டர். பாதிக்கப்பட்ட கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 200 கிராம் ப்ளீச்சிங் பவுடர் வேண்டும். ஆக இந்தக் கிணற்றுக்கு 260 கிராம். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உப்புக்காற்றில் திறந்து கிடந்த பவுடரில் அவ்வளவு இருக்காது. மூட்டை பிரித்து அள்ளித் தரும் பவுடரை விட்டு, தேதி போட்ட சீல் பாக்கெட்டாக வாங்குங்கள்.

பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைத் தள்ளிவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். உறையின் உட்சுவரிலும் ஊற்றுங்கள். 12 மணி நேரம் யாரும் தொட வேண்டாம்.

இறைக்கும்போதுதான் பலரும் கிணற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மணலுக்குள் நல்ல தண்ணீர் மெல்லிய அடுக்காக உப்புநீர் மேல் மிதக்கிறது. குளோரின் வாடை போகட்டும் என்று மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். அரை மணி ஓட்டி, ஊறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கும் செப்டிக் டேங்குக்கும் விடாதீர்கள்.

வாடை அடங்கி ஒரு வாரம் கழித்து மறுபடி குப்பியில் பாருங்கள். திரும்பவும் கறுத்தால் மேலும் பவுடர் வாங்கிப் பயனில்லை. கழிவுநீர் கசிந்துகொண்டே இருக்கிறது. கழிவறைக் குழி 50 அடிக்குள் இருக்கிறதா, உறை இணைப்பில் விரிசல் உண்டா, கிணற்றைச் சுற்றிய தளம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் குழியின் அடிமட்டம் வரை ஏறிவிடுவதால், மழைக்குப் பின் செய்யும் சோதனையைத் தவறவே விடக்கூடாது. கசிவை அடைக்கும் வரை குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தே குடியுங்கள்.