ரோட்டாஹேலர்: முழுங்காதவரை நல்ல சாமான்

ராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து மருந்துக்கடைகளில் புதிதல்லாத பேச்சு இது: “மாத்திரைய ரெண்டு வேளையும் முழுங்கிட்டேன் காக்கா, இந்த ஊதலை எதுக்குக் குடுத்தீங்க?” ரோட்டாஹேலர் என்ற கருவியில் போட்டு வாயால் உறிஞ்ச வேண்டிய இளைப்பு மருந்துக் கேப்சூல் வயிற்றுக்குள் போயிருக்கும். கருவியோ கவர் பிரிக்காமல் கையில் இருக்கும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேப்சூல் பார்க்க அசல் மாத்திரைதான். ஒன்றிரண்டு முழுங்கினால் பெரிய கேடும் இல்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராமில் வரும்; இந்தக் கேப்சூலில் 200 மைக்ரோகிராம்தான், சின்ன மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு. புடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தென்றால் பெரும்பகுதியை ஈரலே அழித்துவிடும். நெஞ்சுக்கு ஒன்றும் போய்ச் சேராது, அவ்வளவுதான். அப்புறம் “மருந்து கேக்கலையே” என்று டாக்டரிடம் புகார்.

முழுங்காதவர்களில் பாதிப்பேர் ஊதுகிறார்கள். சங்கு ஊதுகிற மாதிரி ஊதினால் மருந்து மொத்தமும் கடைக்காரர் சட்டையில்தான். சரியான முறை இது: கருவியை நிமிர்த்திப் பிடித்து, கேப்சூலின் கண்ணாடி மாதிரி தெரியும் முனை கீழே போகும்படி சதுரத் துளையில் செருகி, மேல்மட்டம் சமமாகும்வரை அழுத்த வேண்டும். வாய்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டு அடிப்பகுதியை நிற்கும்வரை திருகினால் கேப்சூல் இரண்டாகப் பிரிந்து மருந்து மாவு கொட்டும். மூச்சை வெளியே விட்டுவிட்டு (கருவிக்குள் அல்ல), உதட்டை இறுக்கி, ஒரே வேகமாக ஆழ உறிஞ்சி, 10 விநாடி அடக்க வேண்டும். உள்ளே மாவு மிச்சம் தெரிந்தால் இன்னொரு இழுப்பு. ஸ்டீராய்டு மருந்தென்றால் வாய் கொப்பளித்துத் துப்பவும். விட்டால் நாக்கில் வெள்ளை படியலாம்.

கருவி கண்ணாடி மாதிரி இருப்பதுதான் இதன் பெரிய வசதி. மருந்து போனதா இல்லையா என்பதில் வாக்குவாதமே கிடையாது. கடகடவென்று சத்தம் வந்தால் உடைந்துவிட்டதாக நினைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்; உள்ளே உருள்வது காலி ஓடுதான், தட்டிக் கொட்டினால் போதும். “இனிக்குதே, சுகர் ஏறாதா?” என்ற கேள்வியும் வரும். அது மருந்தோடு கலந்த லாக்டோஸ், சில மில்லிகிராம். ஏறாது.

இந்தக் கரையில் நிஜமான எதிரி உப்புக்காத்து. ஈரம் பட்டால் ஜெலட்டின் ஓடு இளகி, பிரிவதற்குப் பதில் நசுங்கும். மாவும் கட்டியாகி ஓட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள் சுருக்குப்பையில் உதிரியாக முடிந்துவைப்பதும், படகில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதும் உதவாது. டப்பாவோடு வைத்து, எடுத்த கையோடு மூடி திருகவும். கருவியை வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டே உபயோகிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சீக்கிரம் காயாது, அதனால் கருவி இரண்டாக இருப்பது நல்லது. 6 மாதத்தில் மாற்றிவிடலாம்.

கை நடுங்கும் பெரியவர்களுக்குத் திருகுவது சிரமம். இதே மாதிரிக் கருவியான ரெவோலைசரில் கேப்சூலைப் போட்டு மூடினாலே துளை விழுந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கும், பேச்சே வராத அளவு மூச்சு முட்டுகிறவர்களுக்கும் இரண்டுமே சரிவராது. வேகமாக இழுக்கத் தெம்பு இருக்காது. அவர்களுக்கு அழுத்தினால் மருந்து பீச்சும் பம்ப்பும், அதில் மாட்டும் ஸ்பேசர் குழலும்தான். மூச்சுமுட்டல் அடங்காவிட்டால் உடனே 108.