வளவில் டிஜே, தெருவுக்கே தூக்கமில்லை: பேச்சா, போலீஸா, கோட்டாட்சியரா, கோர்ட்டா?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகள் பல இப்போது கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்குப் போகின்றன. வீட்டுக்காரர்கள் இருப்பது சென்னையிலோ மலேசியாவிலோ. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், டிஜே; பின்வாசலில் ஜெனரேட்டர். மேலே திறந்திருக்கும் வளவில் எழும் சத்தம் நேராகப் பக்கத்து வீட்டு வளவில் வந்து இறங்குகிறது. எங்கள் தெருவிலும் இதே கதைதான்.

முதலில் பேச்சு. காவலுக்கு இருப்பவரிடம் கத்திப் பயனில்லை. அவர் சாவி வைத்திருப்பவர், அவ்வளவுதான். வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது பங்காளிக் குடும்பங்கள், இருந்தாலும் வாடகை விஷயத்தைப் பார்ப்பவர் ஒருவர் இருப்பார். அவரைப் பிடிக்க வேண்டும், அதுவும் பகலில். “ஆச்சி, கல்யாணம் நல்லா நடக்கட்டும். ஜெனரேட்டரை மட்டும் அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்க” என்று குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் நடக்கும். டிஜே விஷயத்தில் நடக்காது. வாடகைக்கு எடுத்தவர் ஒரு ராத்திரிக்கு வந்தவர், அவருக்கு நம் முகம் பார்க்கும் தேவை இல்லை.

அந்த ராத்திரிக்கு உள்ள ஒரே வழி போலீஸ்: 100 அல்லது 112. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. தனியார் இடத்தில் போடும் ஒலிபெருக்கி செட்டின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. மூடிய அரங்குக்கு இரவிலும் விலக்கு உண்டு என்பதால் “இது வீட்டுக்குள்தானே” என்பார்கள். வானம் தெரியும் வளவை மூடிய அரங்கு என்று எப்படிச் சொல்வது என்பது என் கேள்வி. விழாக் காலங்களில் நள்ளிரவு 12 வரை, வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் அரசு தளர்த்தலாம். வீட்டுக் கல்யாணத்துக்கு அது தானாக வந்துவிடாது.

போலீஸ் வந்தால் சத்தம் குறையும், ஜீப் போனதும் ஏறும். அதற்காகக் கூப்பிடாமல் இருக்க வேண்டாம். மறுநாள் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுத்து மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். அடுத்த இரண்டு வழிக்கும் அதுதான் முதல் காகிதம். போனில் இருக்கும் டெசிபல் ஆப் காட்டும் எண் நம் மனத்திருப்திக்கு. தேதி, நேரம் போட்டு எழுதி வைத்த நோட்டு அதைவிட உதவும்.

மாதாமாதம் நடக்கிறது என்றால் என் ஓட்டு கோட்டாட்சியருக்கு. காரைக்குடி வட்டத்துக்காரர்கள் தேவகோட்டைக்குப் போக வேண்டும். இதற்கான அவரது அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை நிறுத்தச் சொல்லி அவர் நிபந்தனை உத்தரவு போடலாம். எதிர்த்தரப்பு வந்து காரணம் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போனால் ‘இது உங்கள் இருவர் சண்டை’ என்று ஆகிவிடும். நாலைந்து வீட்டுக் கையெழுத்து வேண்டும், அதுதான் இதில் கஷ்டம். பொதுத் தொல்லைக்குத் தண்டனையாக வரும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். ஒரு நாள் வாடகை வாங்குபவருக்கு அது எம்மாத்திரம்? உத்தரவுதான் வலிக்கும்.

கையெழுத்துப் போட ஆள் இல்லாதவருக்கு, அதாவது தொல்லை தனக்கு மட்டும் என்பவருக்கு, உரிமையியல் நீதிமன்றம். நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது நிரந்தரத் தடை உத்தரவு, கேட்டு வழக்கு, கூடவே இடைக்காலத் தடை மனு. நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொல்லலாம். தினமும் ஓடும் மாவு மில், பட்டறைக்கு இது பொருந்தும். எப்போதோ நடக்கும் கல்யாணத்துக்கு வக்கீல் ஃபீஸும் வாய்தாவும் தாங்காது. எல்லாப் புள்ளிகளையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டி வந்தால் நோட்டீஸ் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும்.

இரு தரப்பும் உட்காரத் தயார் என்றால் வட்ட சட்டப் பணிகள் குழு மூலம் லோக் அதாலத். கோர்ட் கட்டணம் இல்லை, அங்கே எழுதிக்கொண்டதற்கு மேல்முறையீடும் இல்லை.

எங்கள் தெருவில் மனு எழுதி ஆறு பேர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. வாடகை விடுபவர் கேட்டது ஒன்றுதான்: “மார்கழியில கோயில் குழாய் விடியக்காலை நாலரைக்கே பாடுதே, அதுக்கும் சேர்த்து எழுதிட்டீங்களாண்ணே?” விதிப்படி ஆறு மணி என்றால் கோயிலுக்கும் ஆறு மணிதான். மனு இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது.