சின்னப் பள்ளி மாவட்டங்களுக்கு எது நல்லது: தனிக் கடனா, கூட்டுக் கடனா?

கலிபோர்னியாவில் நூறு இருநூறு பிள்ளைகளே படிக்கும் பள்ளி மாவட்டங்கள் (தனி வாரியத்தோடு ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகள்) நிறைய உண்டு. கூரை மாற்ற, புது வகுப்பறை கட்டப் பெரும்பணம் வேண்டுமென்றால், ஊர் மக்களின் வாக்கைப் பெற்றுக் கடன்பத்திரம் விற்று, சொத்துவரியில் அதை அடைப்பதுதான் அவற்றின் முக்கிய வழி. 2000-இல் மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 39-வது முன்மொழிவு வந்தபின், மூன்றில் இரண்டு பங்குக்குப் பதில் 55 சதவீத வாக்கு போதும். வாக்கெடுப்பில் ஜெயிப்பது எளிதாகிவிட்டது. சிக்கல் பத்திரத்தை விற்பதில்தான்.

தனியாக விற்றால் வழக்கறிஞர், நிதி ஆலோசகர், தரமதிப்பீடு (கடனை அடைக்கும் திறனுக்கான மதிப்பீடு), முதலீட்டாளர் ஆவணம் என்று எல்லாமே வேண்டும். 30 லட்சம் டாலர் கடனோ 30 கோடி டாலர் கடனோ, வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். சின்னக் கடனில் இந்தச் செலவு பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பணத்தையே தின்றுவிடும்.

கூட்டாக விற்க 1985-இன் மார்க்ஸ்-ரூஸ் சட்டம் வழி தருகிறது. மாவட்டங்கள் சேர்ந்து ஒரு கூட்டு அமைப்பை உருவாக்கும். அது எல்லாருடைய பத்திரங்களையும் வாங்கி, அவற்றின் பேரில் ஒரே வெளியீடாகச் சந்தையில் விற்கும். செலவு பங்காகிவிடும். வாக்கெடுப்பும் வரியும் மட்டும் தனித்தனியேதான்; ஓர் ஊரின் வரி அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போகாது. தயங்கும் வாக்காளர்களுக்கு இதை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் கூட்டிலும் ஓர் இழப்பு உண்டு. ஆண்டுக்கு 1 கோடி டாலருக்குள் கடன் வாங்கும் அமைப்பின் பத்திரத்தை வாங்கும் வங்கிக்கு மத்திய அரசின் வரிச்சலுகை கிடைக்கும். அதனால் வட்டி குறையும். கூட்டு வெளியீடு அந்த வரம்பைத் தாண்டினால் சலுகை போய்விடும். எல்லாருடைய வேலையும் ஒரே சமயத்தில் தயாராக இருக்கவும் வேண்டும்.

மாவட்டங்களையே இணைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கடன் வரம்பைப் பொறுத்தவரை இதில் பெரிய லாபமில்லை. தொடக்கப்பள்ளி மாவட்டத்துக்குச் சொத்து மதிப்பில் 1.25 சதவீதம், உயர்நிலைக்கு 1.25, இரண்டும் இணைந்த மாவட்டத்துக்கு 2.5. கணக்கு அதேதான். இதற்காக ஊர் தன் பள்ளி வாரியத்தை இழக்க வேண்டுமா?

டெக்சாஸ் வேறு வழியில் போகிறது. அங்கே 1983 முதல் மாநிலப் பள்ளி நிதியமே பத்திரங்களுக்கு உத்தரவாதம் தருவதால், தகுதி பெற்ற சின்ன மாவட்டத்துக்கும் உச்சத் தரமதிப்பீடு கிடைக்கிறது. கலிபோர்னியாவும் இதைச் செய்தால் நல்லது.

அதுவரை என் தேர்வு இதுதான்: பக்கத்து ஊர் வங்கியே மொத்தப் பத்திரத்தையும் நல்ல வட்டிக்கு வாங்கத் தயாரென்றால் தனியாகப் போகலாம். இல்லையென்றால் கூட்டுதான். அதற்கு வாக்கெடுப்புக்கு முன்பே பக்கத்து வாரியங்கள் உட்கார்ந்து பேசி, ஒரே தேர்தலில் கேள்வியை வைப்பது நல்லது.