இருபத்தொன்றாவது கழுதை: கலிஃபோர்னியா சிட்டியில் மனை வாங்கிய கதை

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடக்கே சுமார் 100 மைல் போனால், மொஹாவே பாலைவனத்தில் கலிஃபோர்னியா சிட்டி என்று ஓர் ஊர் வரும். "முன்பணம் 199 டாலர், மாதம் 99, கிரெடிட் செக் கிடையாது" என்று அங்கே யாராவது மனை விற்பதை இணையத்தில் பார்த்தால், ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். நான் தூங்கவில்லை, வாங்கினேன்.

இத்தனைக்கும் ஊரில் அப்பாவுக்கு மனை வாங்கியபோது 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்து, தாய்ப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டி, புரோக்கரைப் படாத பாடு படுத்திய ஆள் நான். இங்கே பார்த்தது ஒரு சாட்டிலைட் படம் மட்டும்தான். அதில் தெருத் தெருவாக, கோலம் போட்ட மாதிரி வளைந்து வளைந்து கோடுகள். இத்தனை தெரு போட்டவர்கள் வீடு கட்டாமலா விடுவார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் விழுந்தேன், எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் விழுந்த அதே குழியில்.

பணம் கட்டி முடித்த பிறகுதான் (அதுவும் ஒரு புத்திதான்) கதையைத் தேடிப் படித்தேன். 1958-இல் நாட் மெண்டல்சோன் என்பவர், சமூகவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ரியல் எஸ்டேட்டுக்கு வந்தவர், ஏறக்குறைய 80,000 ஏக்கர் பாலைவனத்தை வளைத்துப் போட்டார். லாஸ் ஏஞ்சலிஸுக்கே சவால் விடும் நகரம் வரப்போகிறது என்பது அவருடைய கனவு. நடுவில் ஒரு பூங்கா, அதில் ஒரு செயற்கை ஏரி. சுற்றிலும் தெருக்களை முதலில் போட்டு மனைகளை விற்றாயிற்று, ஜனங்கள் மட்டும் பாக்கி. 1965-இல் அது முறைப்படி நகரமும் ஆனது. 1969-இல் அவர் வேறொரு நிறுவனத்திடம் கைமாற்றிவிட்டார். அந்த நிறுவனத்தின் விற்பனை முறைகள் மீது 1970-களில் அமெரிக்க வணிக ஆணையமே நடவடிக்கைக்கு இறங்கியது.

இன்றைக்கு அது பரப்பளவில் கலிஃபோர்னியாவிலேயே மூன்றாவது பெரிய நகரம், 203 சதுர மைல். 2020 கணக்குப்படி மக்கள் தொகை 15,000-கூட இல்லை. ஆளுக்கு எட்டு ஏக்கருக்கு மேல் வருகிறது, ஜமீன் மாதிரி. அந்த 15,000 பேர் வாழும் பகுதியைக் குறை சொல்ல மாட்டேன், வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. என் மனை அங்கே இல்லை, அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தேன். ட்வென்டி மியூல் டீம் பார்க்வே என்று ஒரு சாலை. 1880-களில் மரணப் பள்ளத்தாக்கிலிருந்து வெண்காரத்தை மொஹாவே ரயிலடிக்கு இழுத்துவந்த, இருபது கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளின் ஞாபகமாக வைத்த பெயர். அதைக் கடந்து போகும்போதே இருபத்தொன்றாவது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் தார் முடிந்தது, மண் வந்தது, அதுவும் போய் மணல் வந்தது. ஜிபிஎஸ் மட்டும் அசராமல் "இடது பக்கம் திரும்பவும்" என்றது. இடது பக்கம் ஒரு புதர். ஹூண்டாய்காரர்கள் இந்த ஊரில்தான் கார்களை ஓட்டிச் சோதிக்க இடம் வைத்திருக்கிறார்கள், ஏன் என்று டயர் புதைந்தபோது தெரிந்தது. விளம்பரத்துப் படத்தில் ஒரு அழகான ஜோஷுவா மரம் இருந்தது. என் மனையில் முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் இல்லை. மின்கம்பம் கண்ணுக்கு எட்டின தூரத்தில் இல்லை, தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பக்கம் பாலைவன ஆமைகள் உண்டு, பாதுகாக்கப்பட்ட இனம், பக்கத்திலேயே அவற்றுக்கென்று ஒரு காப்பகம் இருக்கிறது. நிழலுக்காகக் காருக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும், குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். ஆமைகூட வரவில்லை.

பத்திரம்? "குவிட்கிளைம் டீட்". அதாவது, "இந்த இடத்தில் எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை உனக்குக் கொடுக்கிறேன்" என்கிற பத்திரம். இருந்தால்! விற்கிறவர் இதை மட்டும் நீட்டினால், டைட்டில் கம்பெனி (மனை யாருக்குச் சொந்தம், வில்லங்கம் உண்டா என்று பார்த்துக் கொடுக்கும் நிறுவனம்) மூலமாகத்தான் வாங்குவேன் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். எனக்கு விற்றவர் இப்போது ஃபோன் எடுப்பதில்லை. ஆனால் அந்த ஊர் இருக்கும் கெர்ன் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வரி பில் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

பழைய கதைதானே என்று நினைக்காதீர்கள். 2019-இல்கூட இதே ஊரில் மனை விற்ற ஒரு கூட்டத்தின் மீது, புதிதாகக் குடியேறியவர்களைக் குறிவைத்து ஏமாற்றியதாக மாநில அரசு வழக்குப் போட்டது.

போன வாரம் அந்த ஜோஷுவா மரத்தை மறுபடி பார்த்தேன். அதே படம், வேறு மனை எண். மாதம் 129 ஆகிவிட்டது.