ச்சூஃபு கன்ஃபூசியஸ் கோயில்: போலாம், ஆனா கைடு பார்த்து எடுங்க

சீனால ஷாண்டோங் பக்கம் போறவங்க பழைய சீனத் தத்துவ ஞானி கன்ஃபூசியஸோட ஊரான ச்சூஃபுவ விட்ராதீங்க, பெய்ஜிங் - ஷாங்காய் புல்லட் ட்ரெயின் லைன்லயே ஸ்டேஷன் இருக்கு, என்ன அது ஊர விட்டு கொஞ்சம் தள்ளி இருக்கு அவ்ளோதான். கோயில், காங் குடும்பத்து (கன்ஃபூசியஸோட வம்சம்) மாளிகை, கல்லறைக் காடு மூணுமே 1994லயே யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்தாச்சு.

கோயில்ல மெயின் மண்டபத்து முன்னாடி பத்து கல்தூண், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு டிராகன் சுத்திக்கிட்டு இருக்கும், ராஜா வந்தா பொறாமைப்படுவார்னு பட்டுத்துணி போட்டு மூடிடுவாங்களாம்! கிட்ட போய் நின்னு பாருங்க, மேகம் கூட செதுக்கிருக்காங்க. கல்லறைக் காடு இன்னும் பிடிச்சுது, ஒரே குடும்பத்தோட லட்சத்துக்கும் மேல கல்லறை, நடக்க முடியலன்னா பேட்டரி வண்டி இருக்கு.

கைடுதான் சொதப்பல். 1966ல மாவோவோட கலாச்சாரப் புரட்சி நேரத்துல செங்காவலர்கள்ங்கிற இளைஞர் படை வந்து கல்வெட்ட உடைச்சு கல்லறைய தோண்டிப் போட்டத பத்தி வாயே திறக்கல, உடைஞ்சத ஒட்ட வச்ச தழும்பு கண்ணு முன்னாடியே தெரியுது, கேட்டா சிரிச்சுட்டு அடுத்த இடத்துக்குப் போயிட்டாரு. ஆனா 2013ல சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்துட்டுப் போனத மட்டும் ரெண்டு தடவ சொன்னாரு. அன்னைக்கு பழமைவாதின்னு திட்டின கன்ஃபூசியஸ, 2004ல இருந்து வெளிநாட்டுல சீன மொழி சொல்லித்தர்ற இன்ஸ்டிட்யூட்டுக்கே பேரா வச்சுட்டாங்க, அந்தக் கதைய சொன்னாலே டூர் சூப்பரா இருந்திருக்கும்.

கடைசியா அவர் கூட்டிட்டுப் போன சீல் (முத்திரை) விக்கிற கடை சுத்த டைம் வேஸ்ட். இடத்துக்கு அஞ்சுக்கு நாலரை, கைடுக்கு ஒண்ணு. காலைல கேட் திறந்ததும் போயிடுங்க, அப்புறம் ஸ்கூல் பசங்க கூட்டம் வந்துரும்.