ரன்இட்: ஷெல்லுக்கு மூன்று வரி போதும்

வாய்ட் என்ற லினக்ஸ் பதிப்பில், மற்ற பல பதிப்புகளில் பூட்டையும் சேவைகளையும் கவனிக்கும் சிஸ்டம்டி கிடையாது. பிஐடி 1 ஆக, அதாவது பூட்டில் முதலில் ஓடி மற்றவற்றை ஏற்றும் இனிட் நிரலாக, உட்கார்ந்திருப்பது ரன்இட். பூட் வேலையில் எதைக் கம்பைல் செய்வது, எதை ஷெல் ஸ்கிரிப்டுக்கு விடுவது என்பதை இதைவிடத் தெளிவாகப் பிரித்த இனிட் குறைவு.

சிஸ்வி என்ற பழைய இனிட்டின் ஸ்கிரிப்ட்களில் கிரெப், ஆக், செட் என்று உரைக் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோர்க், அதாவது புதிதாக ஒரு ப்ராசஸ். 2010ல் சிஸ்டம்டியை அறிவித்தபோது லென்னார்ட் பாட்டரிங், தன் கணினியின் இனிட் ஸ்கிரிப்ட்கள் கிரெப்பை 77 முறையும் ஆக்கை 92 முறையும் கூப்பிடுவதாக எண்ணிக் காட்டினார். வேகக் குறைவையாவது பொறுத்துக்கொள்ளலாம். டீமன் (பின்னணியில் ஓடும் சேவை நிரல்) செத்த பிறகும் அதன் ப்ராசஸ் எண்ணைக் குறித்த பிஐடி ஃபைல் அப்படியே கிடக்கும். ஸ்கிரிப்ட் எப்போதோ முடிந்திருக்கும். கவனிக்க ஆள் இருக்காது.

ரன்இட்டில் காவல் வேலை முழுக்க சியில் எழுதிய சின்ன நிரல்களுக்கு. ரன்எஸ்விடிர் 5 விநாடிக்கு ஒருமுறை சர்வீஸ் டைரக்டரியைப் பார்த்து, ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ரன்எஸ்வியை வைக்கிறது. சேவை விழுந்தால் அது தூக்கி நிறுத்தும். ஷெல்லுக்கு மிஞ்சுவது ‘ரன்’ என்ற ஒரே ஃபைல். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் என்றால், எந்த ஷெல்லில் ஓடுவது என்று சொல்லும் ஷெபாங் ஒரு வரி, பிழைச் செய்தியைத் திருப்பிவிட ஒரு வரி, ‘எக்ஸெக்’ போட்டு (ஷெல்லின் இடத்தை நிரலே எடுத்துக்கொள்ள) ‘டீமன் ஆஃப்’ உடன் (பின்னணிக்குப் போகாமலிருக்க) அழைக்க ஒரு வரி.

சொதப்புவதெல்லாம் அந்தக் கடைசி வரியில்தான். ‘எக்ஸெக்’ விட்டுப்போனால் ரன்எஸ்விக்குத் தெரிவது ஷெல்லின் பிஐடி மட்டும். சேவையை நிறுத்த ‘எஸ்வி டவுன்’ கொடுத்தால் ஷெல் சாகும், டீமன் அனாதையாக ஓடும். அடுத்த முறை ஏற்றும்போது போர்ட் காலியில்லை என்று அழும். ‘டீமன் ஆஃப்’ மறந்தால் நேர்மாறு: டீமன் பின்னணிக்குப் போக, ‘ரன்’ முடிந்துவிட்டதாக நினைத்து ரன்எஸ்வி விநாடிக்கு ஒருமுறை மறுபடி ஏற்றும். எக்ஸிக்யூட் அனுமதி கொடுக்காமல் விட்டதுதான் கோளாறு என்றும் பல நேரம் தெரியவரும். அதையே முதலில் பாருங்கள்.

சேவைகளுக்குள் வரிசை கிடையாது. டீபஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் சேவை) முன்னால் வேண்டுமானால் ரன் ஃபைலின் தொடக்கத்தில் ‘எஸ்வி செக் டீபஸ்’ போட்டு, தோற்றால் வெளியேறச் சொல்லுங்கள்; டீபஸ் எழும்வரை ரன்எஸ்வி முயன்றுகொண்டே இருக்கும். முரட்டு வழிதான், ஆனால் வேலை செய்கிறது. லாகுக்கு எஸ்விலாக்டி: சும்மா விட்டாலும் 10 லட்சம் பைட் ஆனதும் சுழற்றி, 10 பழைய ஃபைல்களை வைத்துக்கொள்ளும்.

குறை இரண்டு. ஃபைல் சிஸ்டம் ஏற்றும் முதல் கட்டம் வாய்ட்டில் இன்னும் ஷெல்தான், ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்று தொங்கினால் பின்னால் உள்ளதெல்லாம் நிற்கும். இரண்டு முறை ஃபோர்க் ஆகி நழுவும் பழைய டீமன்களை ரன்எஸ்வியால் பிடிக்க முடியாது. அப்படிப்பட்டவை நிறைய இருக்கும் சர்வரில் சிஸ்டம்டியையே வையுங்கள், ஒரு சேவையின் ப்ராசஸ்களை ஒரே குழுவாகக் கட்டும் கர்னல் வசதியான சிகுரூப்பை வைத்து அது பிடித்துவிடும்.